இறுக்கம் விட்ட சக்கரம்

மழைக்காலத்து மதியத்தில் சக்கரக் கொட்டகைக்குள் நுழைந்தால் யாருக்கும் கண் சொக்கும். தகரக் கூரையின் இடுக்கு வழியாக இறங்கும் வெளிச்சத்தில் ரயில் சக்கரங்கள் வரிசையாகத் தூங்குவதுபோல நிற்கும். சங்கிலிமுத்துவுக்குத்தான் சில நாட்களாகத் தூக்கமே இல்லை. கொஞ்சம் அசந்தாலும் கனவில் ஒரு சக்கரம் ரயிலைவிட்டுக் கழன்று, சத்தமில்லாமல் வயலுக்குள் உருண்டு போகும்.

வரும் திங்கட்கிழமையிலிருந்து சோதனை முடிவுகளில் அவர் ஒருவரே கையெழுத்துப் போட வேண்டும். சக்கரத்தை உடைக்காமல், காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பி, அது திரும்பிவரும் வேகத்தை வைத்து இரும்புக்குள் இருக்கும் இறுக்கத்தை அளக்கிற வேலை. கற்றுக்கொடுத்தவர் ஜெபமலர். சங்கிலிமுத்துவைவிடப் பத்து வயது இளையவர்.

"மேடம், என்னால ஆகாது. வேற ஆளைப் போடுங்க."

"ஏண்ணே?"

"பயமா இருக்கு. இது போறதுக்கு ஒரு வழி சொல்லுங்க, இருந்துடுறேன்."

ஜெபமலர் சுவரோரம் நின்ற இரண்டு சக்கரங்களைக் காட்டினார். "இதுல எதைக் கழிக்கலாம்? பார்த்துச் சொல்லுங்க."

சங்கிலிமுத்து விளிம்பில் ஒலி கடத்தும் பசையைத் தடவிக் கருவியை வைத்தார். கண்ணை மூடினால், கிணற்றில் போட்ட கல் மாதிரி ஒலி ஆழத்துக்கு இறங்குவது தெரிவதாக அவருக்கு ஒரு பிரமை. அந்த ஒரு நேரம்தான் மனுஷனுக்குப் பயம் விட்டிருக்கும். அந்தச் சுகத்திலேயே அளந்து முடித்து, முதல் சக்கரத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார்.

"இதுக்குள்ள பயங்கர இறுக்கம் மேடம். மத்தது பரம சாது."

ஜெபமலர் சிரித்துவிட்டார். "நீங்க கழிச்சது நேத்துதான் ஆலையில இருந்து வந்துச்சு. எண்ணுக்கு முன்னாடி மைனஸ் இருந்துச்சே, பார்க்கலையா?"

அவருக்கு முகம் செத்துப்போனது. "புதுச் சக்கரத்துக்கு எதுக்கு இவ்வளவு இறுக்கம்?"

"வேணும்னே வச்சு அனுப்புறாங்க. மைனஸ்னா உள்நோக்கி அமுக்கிப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். மேல கீறல் விழுந்தாலும் வாயைத் திறக்க விடாது."

"அப்ப அந்தச் சாது?"

"மலையிறக்கத்துல பிரேக் பிடிச்சுப் பிடிச்சுச் சூடேறி, அந்தப் பிடி விட்டுப்போச்சு. இனி ஒரு கீறல் போதும்."

பெருக்கல் குறியைத் துடைத்துவிட்டு, மற்றதில் போட்டார் ஜெபமலர். மழை வலுத்தது. சங்கிலிமுத்து அந்தச் சாதுவின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப என் பயம், மேடம்? போகவே போகாதா?"

"போயிடுச்சுன்னா, அன்னைக்குக் கையெழுத்துப் போடாதீங்கண்ணே."