வாத்தியார் திருத்திய சொல்

சாயங்காலம் தற்கொலைத் தடுப்புக் கூட்டம். அதற்காக அச்சடித்து வைத்த நோட்டீஸை மடத்து வாசலில் கட்டியிருந்த ஆடு தின்றுகொண்டிருந்தது. தின்னாத நேரத்தில் கத்தியது. சீடர் வேலாயுதத்துக்கு எரிச்சல் மண்டைக்கேறியது. ரிட்டயரான தமிழ் வாத்தியார் அவர். தன்னைவிட இருபது வயது இளையவளான துறவி பொன்னுத்தாயம்மாவிடம் சீடராகச் சேர்ந்தவர்.

"இன்னும் எத்தனை கூட்டம்தான் போடுறதும்மா? வருஷா வருஷம் சாவு கூடிக்கிட்டேதான் போகுது. வாயைத் திறந்து சொன்னா நாம ஓடிப்போய் நிக்க மாட்டோமா? ஒருத்தனும் சொல்லித் தொலைக்க மாட்டேங்கிறான்."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஆடு யாருது?"

"நம்ம இருளப்பனோடது. நீங்களே வெச்சுக்கோங்கன்னு கட்டிட்டுப் போயிட்டான்."

"சம்சாரம் போனதுலேர்ந்து அந்த ஆடுதானே அவருக்குத் துணை. ஏன்னு கேட்டீங்களா?"

"கூட்ட வேலை தலைக்கு மேல கிடக்கு. எங்கே கேக்க?"

"வேற என்ன சொன்னார்?"

"'போறேன் வாத்தியாரே'ன்னான். விடுவேனா? 'அப்படிச் சொல்லக் கூடாதுப்பா, போயிட்டு வரேன்னு சொல்லணும்'னு திருத்தினேன்."

"திருத்திச் சொன்னாரா?"

"இல்லையேம்மா. திரும்பிக்கூடப் பார்க்காமப் போயிட்டான்."

கீரை தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. அம்மா அதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள். வேலாயுதம் பின்னாலேயே ஓடினார்.

நல்லவேளை, இருளப்பன் உயிரோடு இருந்தார். வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"செத்துப் போயிடலாம்னு இருக்கா?" என்று நேராகவே கேட்டாள்.

அவர் வெகுநேரம் அழுதார். பிறகு ஆமென்று தலையை ஆட்டினார். வேலாயுதத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழக்க தோஷம், ஏதோ அறிவுரை சொல்ல ஆரம்பித்தார்.

"கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றாள் அம்மா. "ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆட்டோ பிடிச்சிட்டு வாங்க."

ஆட்டோ வந்தது. அம்மா முதலில் ஏறினாள். அடுத்து இருளப்பன் ஏறினார். வேலாயுதம் வெளியே நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மைக்செட்காரன் வேறு காத்திருப்பான்.

"போயிட்டு வரேன் வாத்தியாரே" என்றார் இருளப்பன்.

வேலாயுதத்துக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

"கேட்டீங்களாம்மா? சரியாச் சொல்லிட்டார். அப்ப நான் கூட்டத்துக்குக் கிளம்பட்டுமா?"

அம்மா நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.

"சொல்லு சரிதான் வாத்தியாரே. நீங்களும் ஏறுங்க."