நார்ப்பெட்டியில் வந்த கூட்டம்

கடைசியில் வழக்கு உங்களிடம்தான் வரப்போகிறது. அதனால் கொஞ்சம் கவனமாகவே கேளுங்கள்.

செவல்குளம் பெண்கள் சங்கம், இயற்கை விவசாயப் பயிற்சி முடித்தவர்களுக்குக் கடனைப் பணமாகத் தராது. தேனீப் பெட்டியாகத் தரும். கூட்டம் பெருகியதும் பாதியைப் பிரித்து, பெட்டி இல்லாத இன்னொருத்திக்குக் கொடுத்தால் கடன் தீர்ந்தது. முதல் பெட்டி பூரணவல்லிக்குக் கிடைத்தது. அதை அவள் வைத்தது செல்லக்கிளியின் எள்ளுக்காட்டு வரப்பில். தேனீ செத்துவிடக் கூடாதென்று செல்லக்கிளி அந்த வருஷம் மருந்தே அடிக்கவில்லை.

அந்தக் காட்டில் கூலிக்குக் களையெடுப்பவள் முத்தரசி. பயிற்சியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டவள். அவள் பெட்டி கேட்டபோது, "காடு இல்லாதவ பெட்டிய எங்கடி வைப்ப?" என்று சங்கத்துப் பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

ஒருநாள் பூரணவல்லி பெட்டியைத் திறந்தாள். தேனடையின் அடியில் நிலக்கடலை போல இரண்டு அறைகள் தொங்கின. எட்டிப் பார்த்த முத்தரசி துள்ளினாள்.

"யக்கா, புது ராணி வரப்போகுது! இன்னைக்கே பிரிச்சிரு. இல்லாட்டி பழைய ராணி பாதிக் கூட்டத்தோட பறந்துரும்."

"பொறுடி, பூ முடியட்டும். இப்பப் பிரிச்சா தேன் குறஞ்சிரும்லா."

ஆறாம் நாள், வெயில் ஏறும் நேரம், ஹோவென்ற இரைச்சலோடு பெட்டியிலிருந்து ஒரு கருமேகம் கிளம்பியது. முத்தரசி களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். குடத்துத் தண்ணீரை அள்ளி அள்ளி மேலே வீசினாள். மழையென்று மிரண்ட கூட்டம் வேப்பங்கிளையில் கொத்தாய்த் தொங்கியது. முகத்தில் நாலு கொட்டு! விட்டாளா? கிளையை உலுக்கி, கஞ்சி கொண்டுவந்த பனை நார்ப்பெட்டியில் விழவைத்து, தலைத்துண்டால் மூடினாள்.

"எம் பெட்டியில இருந்து போனது. குடு" என்றாள் பூரணவல்லி. அவள் முதுகுக்குப் பின்னால் மிச்சத் தேனீக்கள் மகரந்தம் சுமந்து பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன.

"எம் பூவுல பெருத்தது. எனக்கும்தான் பெட்டி இல்ல" என்றாள் செல்லக்கிளி. எந்த வருஷமும் இல்லாதபடி அடியிலிருந்து அடுக்கடுக்காய்க் காய்த்த எள்ளுச் செடிகள் அவள் இடுப்பை உரசின.

"நான் புடிக்கலைன்னா இந்நேரம் மலையேறியிருக்கும்" என்றாள் முத்தரசி, வீங்கிய முகமெல்லாம் சிரிப்பாக.

இப்போது சொல்லுங்கள்: இந்தக் கூட்டம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: முத்தரசிக்கே. பூரணவல்லி எதையும் இழக்கவில்லை. புது ராணியின் அறையும் பாதிக் கூட்டமும் பெட்டியில் இருக்கின்றன. பறந்தது அவள் கொடுத்திருக்க வேண்டிய பாதி. செல்லக்கிளியின் பங்கு செடியிலேயே காய்த்துவிட்டது. சங்கமும் அப்படியே தீர்த்தது. "சரி, பெட்டிய எங்கடி வைப்ப?" என்று பூரணவல்லி விடாமல் கேட்க, செல்லக்கிளி முந்திக்கொண்டாள்: "எங்காட்டு மறு வரப்புலதான். ஆனா அடுத்த கூட்டம் எனக்கு, ஆமா!"