கயிற்றில் கட்டிய நகரம்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது மனத்தாங்கல் கொள்ளக்கூடிய ஒரு நாட்டை, மகுடவர்மர் என்ற மன்னர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். வரியை ஏற்றமாட்டார். கோபம் வந்தால் ஒரு நாழிகைக்கு மேல் வைத்திருக்கமாட்டார். ஆனால் அயல்நாட்டுக்கு விருந்துக்குப் போய்விட்டு வந்தால், அங்கே கண்டது இங்கேயும் வேண்டும் என்பார். அப்படித்தான் ஒருமுறை எங்கோ நீராழி மண்டபம் பார்த்துவிட்டு வந்தார். இங்கே முதலில் மண்டபத்தைக் கட்டிவிட்டு, பிறகு அதைச் சுற்றிக் குளம் வெட்டினார்கள்.

இந்த முறை பக்கத்து நாட்டு இளவரசியின் திருமணத்துக்குப் போனவர், அந்த அரண்மனைக்கு முன்னால் ஒரு பெருமுற்றத்தைக் கண்டார். மரமில்லை, கடையில்லை, ஆளில்லை. அந்தக் கோடியில் நின்றவன் இந்தக் கோடிக்கு எறும்பாகத் தெரிந்தான். மன்னருக்குத் தூக்கம் போய்விட்டது. ஊர் திரும்பியதும், குளித்தாரோ இல்லையோ, நகரசபையைக் கூட்டிவிட்டார்.

அவருடைய அரண்மனைக்கு முன்னால் இருந்தவை நடுக்கடைத் தெருக்கள். ஒன்பது தெரு, முந்நூறு வீடு. பூக்கட்டுகிறவர்கள், வளையல்காரர்கள், பாய் முடைகிறவர்கள், பண்டம் விற்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான். அரசவை விகடன் செவ்வந்தியப்பனின் வீடும் ஒன்பதாம் தெருவில்தான் இருந்தது.

சபையில் மன்னர் சொன்னது இவ்வளவுதான்: அரண்மனை வாசலில் பக்கத்துக்கு நானூறு அடி நடையாக ஒரு சதுர முற்றம் வேண்டும், அங்கே குடியிருப்பவர்களை வடக்கே, ஏரிக்கரையை ஒட்டிய நீளத் துண்டு நிலத்தில் வைத்துவிடலாம், அதில் எத்தனை வீடு கொள்ளும்?

சபையில் பன்னிரண்டு பேர். வயதில் மூத்தவர் விரல்விட்டு எண்ணி, எண்பது வீடு கொள்ளும் என்றார். மன்னரின் முகம் வாடியது. அதைப் பார்த்த அடுத்தவர் நூற்றிருபது என்றார். முகம் சற்றுத் தெளிந்தது. மூன்றாமவர் நூற்றெண்பது, நான்காமவர் இருநூற்றுப் பத்து. மாட்டுச் சந்தை ஏலம்போல ஏறிக்கொண்டே போனதை, சபைத் தலைவரான பிரதானி திருமலைக்கொழுந்தர் முந்நூறில் முடித்துவைத்தார். நிலம் ஒரு சாண்கூட நீளவில்லை. வீட்டுக்கு ஆறு முழ அகலம், எட்டு முழ நீளம், இரண்டு வரிசைக்கு நடுவே ஒன்றரை முழத்தில் ஒரு சந்து என்று அவர் கணக்குச் சொன்னார்.

"நெருக்கம் அவர்களுக்குப் பழக்கம்தான், அரசே. நெருங்கி இருந்தால் பாசமும் வளரும்" என்றார் பிரதானி. பதினொரு தலைகள் ஆமென்று ஆடின.

செவ்வந்தியப்பன் எழுந்தான். அவன் வாயைத் திறந்தால் மன்னர் சிரிப்பார், சிரித்தால் மனம் மாறிவிடும் என்பது பிரதானிக்குத் தெரியும். தனக்கு வரவேண்டிய பட்டுச் சால்வை ஒன்று, போன மாதம் இப்படித்தான் இவன் தோளுக்குப் போயிருந்தது. ஆகையால் அவர் முந்திக்கொண்டார்.

"அரசே, இவன் வீடும் அங்கேதான் இருக்கிறது. எனவே நியாயம் பேசுவான். இந்தத் திட்டத்துக்கு எதிராக ஒரு சொல் சொன்னாலும் இவன் நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்று ஆணையிடுங்கள். அத்துடன், மனைக்குக் கயிறு கட்டும் வேலையையும் இவனிடமே கொடுங்கள். திட்டத்தில் உள்ளபடி, ஒரு விரற்கடை கூடாமலும் குறையாமலும் கட்டட்டும். விசுவாசம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்."

மன்னர் முற்றத்தின் மயக்கத்தில் இருந்தார். அப்படியே ஆகட்டும் என்றுவிட்டார்.

அந்த நாட்டு வழக்கத்தை இங்கே சொல்லிவிடவேண்டும். வீடு கட்டுமுன் மனையில் முளையடித்து, சுவர் வரவேண்டிய இடமெல்லாம் கயிறு கட்டுவார்கள். வாசலுக்கு மட்டும் இடைவெளி விடுவார்கள். பூசை போட்டபின் அந்தக் கயிற்றை யாரும் தாண்டக்கூடாது. வாசல் வழியாகத்தான் போய்வரவேண்டும். தாண்டினால் வீடு தங்காது. ஆண்டியானாலும் அரசனானாலும் இதுதான் விதி. கயிறு கட்டிய அன்று குடிவரப்போகிறவர்கள் உள்ளே அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சி, பொழுது சாயும்வரை அங்கேயே இருக்கவேண்டும்.

செவ்வந்தியப்பன் கைகூப்பினான். "உத்தரவு, அரசே. அருமையான திட்டம். ஒரே ஒரு விண்ணப்பம். முற்றம் வருமிடத்தில் இப்போது வீடுகள் நிற்கின்றன. அடுப்படிகளுக்கு ஊடே கயிறு ஓடாது. முதலில் யானைத் திடலில் முற்றத்தையும் வீடுகளையும் உரிய அளவிலேயே கட்டிக் காட்டுகிறேன். தாங்கள் முற்றத்தின் நடுவில் கொலுவிருந்து கண்குளிரப் பார்க்கலாம். இத்தகைய திட்டத்தை வகுத்த சபையோர் தம் குடும்பத்தோடு வந்து முதல் பால் காய்ச்சினால், குடிகளுக்கும் மங்கலமாக இருக்கும்."

முற்றத்தை இப்போதே பார்க்கலாம் என்றதும் மன்னர் ஆசனத்தின் நுனிக்கு வந்துவிட்டார். அவர் தலை ஆடியபின் பிரதானியின் தலை ஆடாமல் இருக்க முடியுமா?

மறுநாள் விடிந்ததும் ஒன்பதாம் தெரு முனையில் ஆப்பக்கடை அங்கம்மா அவனைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருடமாக அதே முனையில் ஆப்பம் சுடுகிறவள். அரண்மனைக் காவலன் ஒருவன் தினமும் விடியலில் வந்து இரண்டு ஆப்பம் வாங்கிப்போவான். அது யாருக்கு என்று ஊருக்கே தெரியும், யாரும் சொல்வதில்லை.

"என்ன செவ்வந்தி, எங்களை வெளியேத்துற கயித்த நீதான் கட்டப்போறியாமே?"

"ஆமாக்கா."

"நல்லா இருப்பே. இந்த முனை இருக்கவேதான் எனக்குச் சோறு. கோயிலுக்குப் போறவ வர்றா, காவக்காரன் வர்றான். ஏரிக்கரையில போய் ஆறு முழத்துல உக்காந்தா எவன் வருவான்? தவளை வரும்."

"நாளன்னிக்கு யானைத் திடலுக்குச் சட்டியத் தூக்கிட்டு வாக்கா. வடக்கு வரிசையில உனக்கும் ஒரு வீடு போட்டிருக்கேன். திட்டப்படி நீ அங்கதானே சுடணும்."

அங்கம்மா கரண்டியை ஓங்கினாள். அவன் அதற்குள் கயிறு திரிக்கிறவர்களைத் தேடிப் போய்விட்டான். பேச்சுக்குத்தான் சிரித்தானே ஒழிய, அவனுக்குள்ளும் கலக்கம் இருந்தது. கயிறு பேசாவிட்டால், அவன் பேச முடியாது.

குறித்த நாளில் யானைத் திடலில் நகரம் தயாராக இருந்தது. தலைமைக் கொத்தனார் அளவுகோலோடு கூடவே நின்று ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். நானூறு அடி நடைச் சதுரம். திட்டப்படி அதற்கு ஒரே வாசல், தெற்கே அரண்மனைப் பக்கம். வடக்கே, முற்றத்தின் முதுகுப்புறம், முந்நூறு கயிற்று வீடுகள். பூசை முடிந்தது. மன்னர் முற்றத்தின் நடுவில் சிம்மாசனத்தில் அமர்ந்தார். சபையோர் பன்னிரண்டு பேரும் குடும்பத்தோடு தத்தம் வீடுகளுக்குள் போனார்கள்.

முதல் ஒரு நாழிகை மன்னருக்குப் பேரானந்தம். எங்கே பார்த்தாலும் வெளி. தூரத்தில் சபையோர் எறும்புகளாகத் தெரிந்தார்கள். இரண்டாம் நாழிகையில் வெயில் ஏறியது. மூன்றாம் நாழிகையில் பிரதானியிடம் ஏதோ கேட்கவேண்டும் என்று தோன்றியது. கூப்பிட்டார். கேட்கவில்லை. எழுந்து நின்று கூப்பிட்டார். மன்னர் எழுந்தாரே என்று எறும்புகள் எல்லாம் எழுந்து கும்பிட்டு உட்கார்ந்தன.

ஆப்பம் கொண்டுவரச் சொல்லியனுப்பினார். காவலன் தெற்கு வாசலுக்கு நடந்து, அங்கிருந்து முற்றத்தைச் சுற்றிக்கொண்டு வடக்கே போய், சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்து, அங்கம்மாவிடம் வாங்கி, வந்த வழியே திரும்பி வந்தான். ஆப்பத்தை மன்னர் கையில் எடுத்தார். முரசுக்குப் போர்த்தலாம் போல இருந்தது.

முற்றத்து வாசலில் நின்ற செவ்வந்தியப்பனை அழைத்துவரச் செய்தார்.

"இங்கே ஏன் ஒருவரையும் காணோம்?"

"திட்டப்படி இங்கே ஒருவரும் இல்லை, அரசே."

"நிழல்?"

"அதுவும் இல்லை. கம்பீரம் கெட்டுவிடும் என்று சபை தீர்மானித்திருக்கிறது."

"பிறகு நான் இங்கே யாரோடு பேசுவது?"

"தாங்கள் பேசுவதற்காக அல்ல, பார்ப்பதற்காக வகுத்தது இது. குறை சொல்ல என்ன இருக்கிறது?"

மன்னர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. சரி, வீடுகளையாவது பார்ப்போம் என்று எழுந்தார். நேராக நடந்தால் இருநூறு அடி. கயிற்றைத் தாண்டக்கூடாதே. தெற்கே போய், கிழக்கே திரும்பி, வடக்கே ஏறி, எண்ணூறு அடி நடந்து சேர்ந்தபோது நெற்றி வேர்வை மீசைக்கு வந்துவிட்டது. மிச்சத் தூரத்துக்காவது ஏறிக்கொள்ளலாம் என்று வரவழைத்த பல்லக்கு அந்தச் சந்துக்குள் நுழையாது என்பதால் அதை முனையிலேயே நிறுத்தவேண்டியதாயிற்று.

அங்கே இருந்த காட்சி வேறு. பன்னிரண்டு அடுப்புகளின் புகையும் ஒன்றாகக் கலந்து யார் வீட்டில் பால் பொங்கியது என்றே தெரியவில்லை. மூத்த உறுப்பினர், அடுப்பும் குடும்பமும் போக மிஞ்சிய இடத்தில் கால் நீட்டிப் படுத்திருந்தார்; அவர் பாதம் வாசலுக்கு வெளியே சந்தில் இருந்தது. போகிறவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தாண்டிப் போனார்கள். எதிரெதிரே வந்த இரண்டு உறுப்பினர்கள் சந்தில் தொந்தியோடு தொந்தி சிக்கி, யார் பின்வாங்குவது என்று பதவி மூப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரதானியின் வீட்டில் பிரதானி, அவர் மனைவி உலகுடையாள், மாமியார், நான்கு பிள்ளைகள், மங்கலத்துக்காகக் கொண்டுவந்த ஒரு பசு. பசு படுத்துவிட்டது. ஆகவே மற்றவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மன்னரைக் கண்டதும் திருமலைக்கொழுந்தர் குனிந்து வணங்கினார்; அவர் பின்புறம் இடித்து அடுத்த வீட்டுப் பால்பானை கவிழ்ந்தது.

"அரசே, இது சூழ்ச்சி" என்றார். "இவன் கயிற்றைச் சுருக்கிவிட்டான்."

கொத்தனாரைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார் மன்னர். ஆறு முழம், எட்டு முழம். ஒரு விரற்கடை மாறவில்லை.

பிரதானி அவ்வளவு சுலபத்தில் விடுகிறவர் அல்ல. "கொத்தனாரே, உமக்கே தெரியும். கயிறு கட்டும்போது எந்த வீடும் சின்னதாகத்தான் தெரியும். சுவர் எழும்பினால் பெரிதாகிவிடும்."

அது உண்மை. வீடு கட்டிய எவரும் ஒப்புக்கொள்வார்கள். கொத்தனாரும் ஆமென்றார். மன்னர் யோசனையோடு மீசையைத் தடவினார். அந்த ஒரு கணம் ஒன்பது தெருவின் கதியும் ஊசலாடியது.

செவ்வந்தியப்பன் கைகூப்பினான். "பிரதானியார் சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம், அரசே. திட்டத்துக்கு எதிராக நான் ஒரு சொல்லும் சொன்னதில்லை. சுவர் எழும்பினால் வீடு பெரிதாகும் என்பதை எல்லாரும் கண்ணால் காணவேண்டும். ஆகையால் இந்தப் பன்னிரண்டு வீட்டுக்கும் இன்றே சுவர் எடுக்கத் தொடங்கலாம். சுவர் எழும்பி வீடு பெரிதாகும்வரை சபையோர் குடும்பத்தோடு இங்கேயே இருந்து பார்த்துச் சொல்லட்டும். ஆறு மாதத்தில் முடிந்துவிடும்."

பிரதானி பதில் சொல்வதற்குள் உலகுடையாள் முன்னால் வந்தாள். அதாவது, பசுவைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"என்னங்க, இந்தக் கணக்கப் போட்டது நீங்கதானா? சுவர் இல்லாமலே மூச்சு முட்டுது. இதுல சுவர் வேற வருமா? பாசம் வளருமுன்னு சொன்னீங்களாமே. காலையிலேருந்து பக்கத்து வீட்டம்மா என் கால மூணு தடவ மிதிச்சாச்சு. வளந்தது பாசமில்ல."

மன்னர் வாயைப் பொத்திப் பார்த்தார். முடியவில்லை. வெடித்துச் சிரித்தார். சந்தில் சிக்கியிருந்த இருவரும் அந்தச் சிரிப்பில் குலுங்கி விடுபட்டார்கள்.

"திருமலைக்கொழுந்தரே, ஆறு மாதம் இருக்கிறீரா, திட்டத்தைத் திரும்பப் பெறுகிறீரா?"

பிரதானி பசுவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். திட்டம் திரும்பியது.

அன்று பொழுது சாயும்வரை இருக்கவேண்டியது விதியாதலால், சபை அங்கேயே கூடியது. நின்றபடியே முழங்கை இடிக்க இடிக்கப் பேசியதாலோ என்னவோ, அன்றுதான் ஒவ்வொருவரும் உண்மையைச் சொன்னார்கள். நடுக்கடையில் பிள்ளைகள் பெருகி வீடு போதவில்லை என்றார் மூத்தவர். எந்த வீடும் அரண்மனை மதிலைவிட உயரக்கூடாது என்ற பழைய தடையை நீக்கினால் அவரவர் மேலே ஒரு மாடி எடுத்துக்கொள்வார்கள், எவரையும் ஏரிக்கரைக்கு அனுப்ப வேண்டியதில்லை என்றார் இன்னொருவர். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று மன்னர் கேட்டார். எல்லாரும் வழக்கம்போல் அவர் முகத்தைப் பார்த்தார்கள். தடை அன்றே நீங்கியது. இனி வீடுகளைப் பற்றிச் சபை எதைத் தீர்மானித்தாலும், தீர்மானித்தவர்கள் முதலில் அந்தக் கயிற்றுக்குள் பால் காய்ச்சவேண்டும் என்றும் ஆணையானது.

"செவ்வந்தி, எதிராக ஒரு சொல் பேசாமல் ஊரைக் காப்பாற்றிவிட்டாய். வேண்டியதைக் கேள்" என்றார் மன்னர். பிறகு சற்றுத் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "ஆனாலும் ஒரு சின்ன முற்றமாவது இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்" என்றார்.

"அதையே பரிசாகக் கேட்கிறேன், அரசே. அரண்மனை முன்மதிலை நாற்பது அடி உள்ளே தள்ளிக் கட்டுங்கள். வீடும் இடியாது, கடையும் நகராது. முற்றம் கிடைத்துவிடும். ஊரும் வந்து உட்காரும், தாங்களும் வந்து உட்காரலாம்."

"என் இடத்தை என்னிடமே வாங்கி எனக்கே கொடுக்கிறாயா?" என்று மன்னர் மறுபடியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

மறுநாள் அரண்மனைத் தோட்டத்தில் நாற்பது அடி உள்ளே கயிறு கட்டினார்கள். ராணி மேல்மாடத்திலிருந்து இறங்கி வந்து பார்த்தாள். யாரைக் கேட்டுக் கட்டுகிறீர்கள் என்று கோபிப்பாள் என்று மன்னர் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவளோ, வளையல்காரர்கள் முற்றத்தில் என் மாடத்துக்கு இன்னும் கிட்டே வந்து கடை விரிக்கவேண்டும், முளையைப் பிடுங்கி அறுபது அடியில் அடியுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.