நாலு ஆள் பாரம்

ஊசிப்பாளையத்தில் அண்ணன் தம்பி நாலு பேர் இருந்தார்கள். மூத்தவர் நாச்சிமுத்து, அடுத்தவர் மாரப்பன், மூன்றாமவர் அர்த்தநாரி, கடைசி ஆறுக்குட்டி. நாலு பேரும் ரொம்ப நல்லவர்கள். ஊரில் யாரிடம் விசாரித்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அதற்கு மேல் கேட்டால் மழை தண்ணியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அவர்கள் வீட்டில் தாத்தா காலத்துக் கார் ஒன்று உண்டு. பார்க்க லட்சணமான வண்டி. ஏறினால்தான் சங்கதி தெரியும். ரோட்டில் ஒரு புளியங்கொட்டை கிடந்தாலும் ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். முப்பத்தெட்டாவது வயதில் ஆறுக்குட்டிக்கு ஒரு வழியாகப் பெண் அமைந்தது. நிச்சயத்துக்குப் பெண்ணின் அப்பா தெய்வசிகாமணியை அந்தக் காரில்தான் கூட்டி வந்தார்கள். எட்டு மைலுக்குள் பதினோரு தடவை அவர் மண்டை கூரையில் இடித்தது.

"இந்தக் காரைச் சரி பண்ணி, அதுலயே மாப்பிள்ளை வரோணும். ஒன்பதரைக்கு முகூர்த்தம். ஒரு நிமிசம் தப்புனாலும் பொண்ணு இல்லீங்க," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார்.

இதுவும் தட்டிப்போனால் அடுத்த பெண்ணுக்கு இன்னொரு முப்பத்தெட்டு வருஷம் ஆகும் என்று ஆறுக்குட்டி நம்பினார்.

மெக்கானிக் லூர்துசாமியோ கால் ஒடிந்து கட்டிலில் கிடந்தார். குலுக்கலைத் தாங்கும் கமான் பட்டைகளின் நுனியில் செருக வேண்டிய ரப்பர் புஷ் எட்டும், செய்முறை எழுதிய ஒரு சீட்டும் கொடுத்தனுப்பினார். கல்யாணத்தன்று விடியற்காலையில் நாலு பேரும் பழைய புஷ்களைத் தட்டி எடுத்துவிட்டுச் சீட்டைப் பிரித்தார்கள்.

நாச்சிமுத்து உரக்கப் படித்தார்: "புது புஷ்ஷுக்கு சோப்புத் தண்ணி காட்டவும். எண்ணெயைக் கண்ணிலேயே காட்டக் கூடாது."

உடனே ஒரு வாளி நிறைய சோப்புத் தண்ணீர் வந்தது. மாரப்பன் ஒவ்வொரு புஷ்ஷாக வாளிக்கு நேரே பிடித்து, "பாத்துக்க, இதான் சோப்புத் தண்ணி," என்று காட்டினார்.

"அய்யோ, மறைண்ணா!" என்று அர்த்தநாரி கத்தினார். "தம்பி தலையெல்லாம் எண்ணெய்!"

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் எண்ணெய் தேய்த்திருந்தார்கள். ஆறுக்குட்டி பதறிப்போய் ஓடினார். ஓடிய வேகத்தில் கால் இடறி வாளி கவிழ்ந்து, எட்டு புஷ்ஷும் சோப்புத் தண்ணீரில் குளித்தன. அதனால் தட்டியதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தன. காட்டினதன் பலன் என்று நாலு பேரும் சந்தோஷப்பட்டார்கள்.

அடுத்த வரி: "எல்லா நட்டுக்கும் முதலில் கைமுறுக்கு போதும். நாலு ஆள் பாரம் ஏறிய பிறகுதான் முழு முறுக்கு. பாரம் இல்லாவிட்டால் ரப்பர் கிழிந்துவிடும்."

அர்த்தநாரி பலகாரக் கடைக்குப் பறந்து ஒரு பொட்டலம் கைமுறுக்கோடு வந்தார். எட்டு போல்ட்டில் எட்டு நட்டைச் சும்மா சொருகிவிட்டு, ஆளுக்கொரு கைமுறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஆலோசனை செய்தார்கள்.

"நாலு ஆள் ஏறின பொறகுதான் முழு முறுக்குன்னு எழுதியிருக்குது," என்றார் மாரப்பன்.

"அப்ப இப்போதைக்கு?"

"உடைஞ்ச முறுக்கு."

எவ்வளவு யோசித்தாலும் அதில் குற்றம் காண முடியவில்லை. நாலு முறுக்கை இரண்டிரண்டாக உடைத்து, நட்டுக்கு அரை முறுக்கு வீதம் மாட்டினார்கள். பிறகு ஜாக்கியை இறக்கி, குளித்துப் பட்டு வேட்டி கட்டி, நாலு பேரும் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"ஏண்ணா," என்றார் ஆறுக்குட்டி, "நாலு பேரும் உள்ள இருக்கறோம். முழு முறுக்கை ஆரு போடறது?"

"நான் எறங்கிப் போடறேன்," என்றார் நாச்சிமுத்து.

"நீங்க எறங்குனா மூணு ஆள் பாரம்தான்."

"அப்ப நீ எறங்கு."

"நான் எறங்குனாலும் மூணுதானுங்களே."

யார் இறங்கினால் நாலு மிஞ்சும் என்று ஒவ்வொருவராகக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மணி எட்டரை ஆனது. ஆறுக்குட்டிக்குக் கண் கலங்கியது.

மாப்பிள்ளையைக் காணோமே என்று தெய்வசிகாமணி மொபெட்டில் வந்து சேர்ந்தார். நின்ற காருக்குள் நாலு பேர் பட்டு வேட்டியோடு விறைப்பாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். நாச்சிமுத்து ஜன்னல் வழியே சீட்டையும் முறுக்குப் பொட்டலத்தையும் நீட்டினார்.

"மாமா, சங்கடப்படாம இந்த முழு முறுக்கைக் கீழ மாட்டி விட்டுருங்க."

தெய்வசிகாமணி சீட்டைப் படித்தார். காருக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு முறுக்கு ஒன்றைக் கடகடவென்று கடித்துத் தின்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பேனரோடு காருக்கு அடியில் புகுந்தார்.

"மாமா முறுக்கைத் தின்னுட்டாரே!" என்று கிசுகிசுத்தார் அர்த்தநாரி.

"சும்மா இருடா. பெரியவங்க தின்னா நட்டுக்குப் போய்ச் சேந்த மாதிரிதான்," என்றார் மாரப்பன்.

எட்டு நட்டும் இறுகின. நாச்சிமுத்து காரைக் கிளப்பினார். எட்டு மைலும் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது. ஒன்பது இருபத்தைந்துக்குக் கார் பெண் வீட்டு வாசலில் நின்றது. நாதஸ்வரம் முழங்கியது; யாரும் இறங்கவில்லை.

"எறங்குங்க மாப்பிள்ளை!" என்றார் மொபெட்டில் பின்னாலேயே வந்த, கிரீஸ் அப்பிய தெய்வசிகாமணி.

"நாலு ஆள் பாரம் இல்லாட்டி ரப்பர் கிழிஞ்சுருமுங்களே மாமா," என்றார் ஆறுக்குட்டி பணிவாக.

வாதாட நேரமில்லை. ஐயர் காருக்குப் பக்கத்தில் வந்து நின்று மந்திரம் சொன்னார். மணப்பெண் கருணாம்பாள் ஜன்னலுக்குள் கழுத்தை நீட்ட, ஆறுக்குட்டி சரியாக ஒன்பதரைக்குத் தாலி கட்டினார். சொந்தக்காரர்கள் போட்ட அட்சதை பாதி பானெட்டில் விழுந்தது. தெய்வசிகாமணி நிம்மதியாக மூச்சு விட்டார். பாவம், கொஞ்சம் சீக்கிரமாக விட்டுவிட்டார்.

பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் நேரம் வந்தது. கருணாம்பாள் காரில் ஏறினாள். உள்ளே அஞ்சு பேர் ஆனார்கள். அண்ணன் தம்பிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆறுக்குட்டி பொறுப்பான மனிதர். தானே கதவைத் திறந்து இறங்கினார். நாலு ஆள் பாரத்தோடு கார் அலுங்காமல் கிளம்பிப் போயிற்று.

தெருமுனையில் மகள் கையசைத்ததைப் பார்த்ததும் தெய்வசிகாமணிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. பக்கத்தில் மாலையும் கழுத்துமாக நின்ற ஆறுக்குட்டி அவர் தோளில் கை போட்டார்.

"அழுகாதீங்க மாமா. பொண்ணை நல்ல எடத்துலதான் குடுத்திருக்கறீங்க. அந்தக் குடும்பத்தை எனக்கு முப்பத்தெட்டு வருசமாத் தெரியும்."