அலை உடையாத வழி

காடு முடிந்து கடல் தொடங்கும் ஓரிடத்தில், குழந்தைகளே, விலங்குகளுக்கெல்லாம் அலைமேல் ஏறும் பித்துப் பிடித்திருந்தது. இலவம் பலகையில் குப்புறப் படுத்து, கையால் நீரைத் தள்ளி, பின்னாலிருந்து அலை தூக்கும்போது சட்டென்று எழுந்து நிற்க வேண்டும். பலகை தப்பிப் போகாமலிருக்க, அதை அடப்பங்கொடியால் காலோடு கட்டிக்கொள்வார்கள்.

கற்றுக்கொடுத்தது நீர்நாய். "புதுசா வந்தவங்க இடுப்பளவு தண்ணியைத் தாண்டாதீங்க. அலை உடைஞ்சு நுரைக்கிற இடத்திலேயே விழுந்து எழுந்து பழகுங்க" என்பாள்.

கடுவன் என்ற குரங்கு பத்தே நாளில் நுரையின்மேல் நின்றுவிட்டான். அன்றிலிருந்து அவன் வாலுக்கு வளைவு கூடிவிட்டது.

முந்தாநாள் வந்த முயல் துத்தியோ, விழுந்து உருண்டு, காதெல்லாம் மணலாக எழுந்தாள்.

"என்ன துத்தி, மணலைத் தின்னே வயிறு நிறைஞ்சிருச்சா?" என்றான் கடுவன்.

"சிரிக்காதீங்க அண்ணே. ஒரே ஒரு தடவை, நுரைக்கு அப்பால எழும்புற அந்த வெளியலையில நிக்கணும். இந்த நுரை என்னைப் போகவே விடமாட்டேங்குது."

கடுவன் கடலைப் பார்த்தான். இருபுறமும் அலைகள் இடிந்து விழ, நடுவில் ஒரு சந்துபோல நீர் அமைதியாகக் கிடந்தது. நீர்நாய் அந்தச் சந்து வழியாகத்தான் கை அசைக்காமலே வெளியே போவாள். அதை அவன் பலமுறை பார்த்திருக்கிறான். அவள் திரும்பி வருவதை மட்டும் ஒருநாளும் கவனித்ததில்லை. அந்நேரம் கரையில் பெருமை பேசிக்கொண்டிருப்பான்.

"அதோ பார், அலையே இல்ல. குளம் மாதிரி கிடக்கு. வா."

"அக்கா நுரையிலேயே இருக்கச் சொன்னாங்களே?"

"அது ஒண்ணும் தெரியாதவங்களுக்கு. நான் கூட வரும்போது உனக்கென்ன பயம்?"

பலகைகள் தாமாகவே வழுக்கிக்கொண்டு ஓடின. துத்தி கலகலவென்று சிரித்தாள். கரையில் நின்ற தாழம்புதர் கையளவு ஆனபோது சிரிப்பு நின்றது.

"போதும் அண்ணே, திரும்பிரலாம்."

திரும்பினார்கள். எவ்வளவு கை போட்டாலும், சந்து நீர் கடலுக்குள் இழுக்க, கரை விலகிக்கொண்டே போனது. தூரத்திலிருந்து நீர்நாய் கத்தினாள்: "நேரா வராதீங்க! பக்கவாட்டுல போங்க! அலை உடையிற பக்கம் போங்க!"

துத்தி கடுவனைத்தான் பார்த்தாள். "எந்தப் பக்கம் அண்ணே?"

உடைகிற அலைகளைக் காணவே கடுவனுக்கு நடுக்கம். தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"கரை நேராத்தானே தெரியுது! நேரா அடி!"

அவள் நேராகவே அடித்தாள். கை சோர்ந்து விழும்வரை அடித்தாள்.

நீர்நாய் அருகிலிருந்த கடுவனை முதலில் பிடித்தாள். பக்கவாட்டில் இழுத்துப்போய் நுரையில் தள்ளிவிட்டுத் திரும்பி நீந்தினாள். அங்கே நீர் மட்டும் அமைதியாகக் கிடந்தது.

மறுநாள் காலை துத்தியின் பலகை தனியாகக் கரைக்கு வந்தது, அலை உடைகிற இடத்தின் வழியாக. அறுந்த கொடி ஒரு முழம் அதில் தொங்கியது.

"இது யாரோடது அண்ணே?" என்று கடுவனிடம் கேட்டது, அன்றுதான் புதிதாக வந்த அணில்.



நீதி: போகும் வழி மட்டும் தெரிந்தவன், இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பக் கூடாது.