நகர்ந்த பூ

குடமுருட்டி ஆற்றங்கரையில் கோதைநாயகி என்பவர் துணிக்கு அச்சுப்போடும் பட்டறை வைத்திருந்தார். பூ செதுக்கிய மரக்கட்டையைச் சாயத்தில் தொட்டு, துணிமேல் வைத்து, முஷ்டியால் ஒரு குத்து. அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவைக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் பாதிப் பேர் விரலில் சாயம் காய்வதற்குள் ஓடிப்போயிருந்தார்கள்.

அம்பலவாணன் ஓடவில்லை. அவர் வாத்தியாரம்மா கோதைநாயகியைவிட வயதில் பெரியவர். லேத் பட்டறையில் இரும்பு கடைந்து ஓய்வு பெற்றவர். மயிரிழை பிசகினாலும் அன்றைக்குச் சோறு இறங்காத மனுஷர். வாத்தியாரம்மா அவரை "அண்ணே" என்பார். அவர் வாத்தியாரம்மாவை "அம்மா" என்பார். யார் யாருக்குப் பெரியவர் என்று அங்கே யாரும் குழம்பவில்லை.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் ஒரே நீள மேஜையில் நின்று வேலை செய்வார்கள். முன்பின் தெரியாத ஒருவர் அவர்களில் ஒருவர் போட்ட துணியை வாங்கிப் போய், "அதே கை போட்டது இன்னொன்று வேண்டும்" என்று திரும்பி வந்தால், அன்றைக்கு அந்த மாணவருக்குத் தனி மேஜை கிடைக்கும். அதன்பிறகு அவர் மாணவர் இல்லை. வாத்தியாரம்மாவே புகழ்ந்தாலும் வேறு வழியில் அந்த மேஜை கிடைக்காது.

அம்பலவாணனுக்கு அந்த மேஜைமேல்தான் கண். வீட்டில் மருமகள், "மாமா பொழுது போகாம எங்கேயோ போயிட்டு வர்றாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்வது தப்பாகவும் இல்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் அவரை அதிகம் சுட்டது.

அவர் போட்ட முதல் புடவையை ஒரு கல்லூரி ஆசிரியை வாங்கிப் போனார். சில நாள் கழித்து அவரே திரும்பி வந்தார். அம்பலவாணன் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

ஆசிரியை புடவையை மேஜைமேல் வைத்தார்.

"இது கையால போட்டது இல்லை. மெஷின் பிரிண்ட்."

"நான்தாம்மா போட்டேன். இதே இடத்துல நின்னு போட்டேன்."

"எல்லாப் பூவும் ஒண்ணு போலவே இருக்கே சார். ஒரு பூவாவது கொஞ்சம் நகர்ந்திருக்க வேண்டாமா?"

கட்டையின் மூலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். முன்னால் விழுந்த புள்ளியின்மேல் அடுத்த புள்ளி சரியாக உட்கார்ந்தால் பூக்கள் வரிசை தப்பாது. அம்பலவாணன் அந்தப் புள்ளியை எப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார் என்பதை ஆசிரியையிடம் விளக்கினார். ஆசிரியை பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுப் புடவையை அங்கேயே விட்டுப் போனார்.

பக்கத்தில் நின்று அச்சுப்போடும் செண்பகம் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். "என்னண்ணே, நல்லா போட்டதுக்கா தண்டனை?"

அம்பலவாணன் வாத்தியாரம்மாவிடம் போனார்.

"அம்மா, கையால போட்டதுக்கு என்ன அடையாளம்?"

வாத்தியாரம்மா புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நல்லா போட்டிருக்கீங்க அண்ணே."

"நான் கேட்டது அது இல்லம்மா."

வாத்தியாரம்மா புடவையை மடித்து அலமாரியில் வைத்தார்.

அம்பலவாணனுக்குக் கோபம் வந்தது. ஒழுங்காகப் போட்டால் மெஷின் என்கிறார்கள், கேட்டால் இவர் புடவையை மடிக்கிறார். சரி, அவர்களுக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டால் போகிறது என்று முடிவு செய்தார்.

அடுத்த புடவையின் முந்தானையில் ஒரே ஒரு பூவைச் சாய்த்து வைத்துக் குத்தினார். எவ்வளவு சாய்ந்தால் இயல்பாக இருக்கும் என்று முதலில் கந்தல் துணியில் போட்டுப் பார்த்தார். அளந்தார். பென்சிலால் குறி வைத்தார். அதற்குப் பிறகுதான் குத்தினார். தப்பைக்கூட அந்த மனுஷரால் அளக்காமல் செய்ய முடியவில்லை.

அதை வாங்கியவர் ரகுபதி, கட்டடங்களுக்குப் படம் வரைகிறவர், வெளியூர்க்காரர். மனைவிக்காக எடுத்தார். முந்தானையை விரித்ததும் சாய்ந்த பூவைக் கண்டுபிடித்து, விரலால் தடவினார்.

"பாருங்க, இங்க ஒருத்தர் கை தெரியுது," என்றார்.

மழைக்காலம் முடிந்து அவர் திரும்பி வந்தார்.

"இதைப் போட்டவர் யாரு? என் வீட்டுக்காரம்மா இதைக் கட்டிக்கிட்டு வர்ற இடத்துல எல்லாம் அந்தப் பூவை நாலு பேருக்குக் காட்டறேன். அவர் கையாலயே இன்னொண்ணு வேணும்."

பட்டறையில் குத்துச் சத்தம் நின்றது. செண்பகம் தனி மேஜைமேல் இருந்த சாமான்களை இறக்கித் துடைத்தாள். யாரோ ஜிலேபி வாங்கி வந்தார்கள். அம்பலவாணனுக்குக் கண் கலங்கியது. வீட்டில் போய் எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்றுகூட யோசித்துவிட்டார்.

வாசல்வரை போன ரகுபதி திரும்பினார்.

"ஒரு விஷயம். அந்தத் தப்பு இதுலயும் இருக்கணும். கொஞ்சம் எடுப்பா இருந்தாலும் நல்லதுதான்."

அம்பலவாணன் வாத்தியாரம்மா பக்கம் பார்க்கவில்லை. "சரிங்க" என்றார்.

தனி மேஜையில் துணியை விரித்து, ஊசி குத்தி இழுத்துக் கட்டினார். சாயம் கரைத்தார். கட்டையைக் கையில் எடுத்தவர், அதை வைக்காமல் நின்றார். பிறகு கட்டையைக் கீழே வைத்துவிட்டு வாத்தியாரம்மாவிடம் போனார்.

"அம்மா, அந்தப் பூ தானா நகரலை. நான்தான் நகர்த்தினேன்."

"தெரியும்."

"எப்படி?"

"அலசறதுக்கு முன்னால பார்த்தேன். பென்சில் குறி இருந்துச்சு."

"அப்பவே ஏம்மா சொல்லலை?"

"உங்க துணி அண்ணே."

அம்பலவாணன் தனி மேஜையைத் திரும்பிப் பார்த்தார்.

"வழக்கப்படி மேஜை எனக்குத்தானே?"

"உங்களுக்குத்தான். ஒருத்தர் தேடி வந்துட்டாரு. ஜிலேபியும் சாப்பிட்டாச்சு."

"அவருக்கும் சந்தோஷம். யாருக்கும் நஷ்டம் இல்லை. அப்புறம் எனக்கு ஏன் உறுத்துது?"

வாத்தியாரம்மா தன் மேஜையை விட்டு ஒதுங்கி நின்றார். அதில் ஒரு கல்யாணப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அரக்குச் சிவப்பில் கொடியும் இலையும். துணி முழுக்க ஒரே கொடி ஓடிவருவதுபோல் இருந்தது.

"காலையில ஆரம்பிச்சது. இப்பத்தான் முடிச்சேன். உங்க கண்ணு லேத் கண்ணு. இதுல எங்க தப்புன்னு பார்த்துச் சொல்லுங்க."

அம்பலவாணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு முனையில் ஆரம்பித்தார். சந்தேகம் வந்த இடத்தில் நூல் பிடித்துப் பார்த்தார். வாத்தியாரம்மா செம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, முகத்தில் மெல்லிய பெருமையோடு நின்றார். வெயில் சன்னலை விட்டு இறங்கியது. மற்றவர்கள் கட்டைகளைக் கழுவப் போனார்கள்.

"இல்லைம்மா, சுத்தமா இருக்கு" என்று சொல்ல வாயெடுத்தவர், கரையோரம் வந்ததும் நின்றார். ஓர் இடத்தில் இரண்டு இலைகளின் நுனி ஒட்டியிருந்தது. மற்ற எல்லா இடத்திலும் நடுவில் நூலிழை இடைவெளி இருந்தது.

"இதோ" என்றார்.

வாத்தியாரம்மா செம்பை வைத்துவிட்டு வேகமாக வந்தார். குனிந்தார். விரலால் தொட்டார். சாயம் காய்ந்திருந்தது.

"ஒட்டிக்கிச்சே. ரெண்டு தடவை பார்த்தேனே இங்க."

தனக்குப் பாடம் சொல்ல வாத்தியாரம்மாவே வேண்டுமென்று வைத்த தப்பு என்றுதான் அம்பலவாணன் நினைத்திருந்தார். வாத்தியாரம்மாவின் முகத்தைப் பார்த்தார். அப்படி இல்லை. அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த இரண்டு இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் காட்டினோம் என்று அம்பலவாணனுக்கு ஆகிவிட்டது.

"விடுங்கம்மா. இது யார் கண்ணுக்கும் படாது. பட்டாலும் சந்தோஷம்தான் படுவாங்க. இதைத்தானே தேடி வர்றாங்க."

"அவங்க தேடட்டும் அண்ணே," என்றார் வாத்தியாரம்மா. "இது வந்துடக் கூடாதுன்னுதானே நான் காலையிலேர்ந்து நின்னேன்."

அம்பலவாணன் தனி மேஜைக்குப் போய், ஊசிகளைப் பிடுங்கி, துணியைச் சுருட்டினார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, நீள மேஜையில் தன் பழைய இடத்தில் விரித்தார்.