குளத்தை நிற்கவிடாத ஊர்

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் என்று இலக்கண நூல்கள் சொல்கின்றன. பொத்தைக்குறிச்சிக்காரர்கள் அந்த நூல்களைப் படித்ததில்லை. அவர்கள் அதைச் சளிக்காலம் என்பார்கள். அந்த ஊரில் மேகம் திரள்வதற்கு முன்பே பிள்ளைகளின் மூக்கு ஒழுகத் தொடங்கிவிடும்.

போன வருஷம் ஊரின் பதினேழு பள்ளிப் பிள்ளைகளும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பேருந்து அவர்களை விட்டுவிட்டுக் கடல் பார்க்கப் போனது. தபால்காரர் கோமதிநாயகத்தின் மகள் இசக்கி, போர்வைக்குள் கிடந்தபடியே அதன் ஹார்ன் சத்தத்தைக் கேட்டாள். அடுத்த வருஷம் அவளுக்குக் கடலைக் காட்டாமல் விடுவதில்லை என்று அவர் அன்றைக்கு வாக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தப் பேச்சும் கடலில்தான் போய் முடிந்தது, ரசத்தில் உப்பு கூடியதைப் பற்றிய பேச்சுகூட.

இந்த வருஷம் தலைமையாசிரியை ஞானசெல்வம் டீச்சர் முந்திக்கொண்டார். மழைக்கால நல்ல பழக்கங்கள் என்று ஒரு சுற்றறிக்கை வீட்டுக்கு வீடு தபாலில் வந்தது. கூடவே தினமும் டிக் போட ஓர் அட்டை. ஒரு மாதம் ஒன்றுவிடாமல் கடைப்பிடித்து, காய்ச்சல் சளி இல்லாமல் இருக்கும் ஊருக்குக் கடற்கரைச் சுற்றுலா.

கோமதிநாயகம் எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டு, கடைசியாகத் தன் வீட்டு வாசலில் நின்று "தபால்" என்று குரல் கொடுத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், வெளியே வந்து, அதை வாங்கிக்கொண்டார். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

சாயங்காலம் சுடலைமுத்துவின் டீக்கடையில் பெற்றோர்கள் கூடினார்கள். சுடலைமுத்துதான் முதலில் மனம் திறந்தார்.

"போன வருஷம் பிள்ளைகளுக்கு உடம்புல சூடு குறையாமப் பாத்துக்கணும்னு டீச்சர் சொன்னாங்க. நாம யோசிச்சோம். சூடு வீணாகக் கூடாதுன்னு பதினேழு பேரையும் ஒரே அறையில போட்டுப் பூட்டினோம். ஒருத்தனுக்கு இருந்த சளி எல்லாருக்கும் வந்துது. யோசிச்சதுதான் தப்பு, அண்ணாச்சி. நம்ம புத்தி நமக்குத் தெரியாதா? இந்தத் தடவை எழுதினதை எழுதினபடி செஞ்சிருவோம்."

தங்கள் புத்தியைப் பற்றி இவ்வளவு தெளிவு வேறெந்த ஊருக்கு உண்டு என்று எல்லாரும் பெருமையோடு தலையாட்டினார்கள்.

கோமதிநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'பெற்றோர்' என்று எழுதியிருந்தது. உள்ளே 'அன்புள்ள பெற்றோரே' என்று இருந்தது. இரவு எட்டு மணிக்கே படுத்து ஒன்பது மணி நேரம் தூங்குவது, தினமும் ஒரு மணி நேரம் ஓடி விளையாடுவது, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைக் குடிப்பது, இருபது எண்ணும்வரை சோப்புப் போட்டுக் கை கழுவுவது என்று வரிசையாகப் படித்து முடித்து, "எல்லாம் நமக்குத்தான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

டீக்கடை வாசலில் நின்ற இசக்கிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எப்பா, அது எங்களுக்குள்ளது."

"கவர்ல உன் பேரா இருக்கு?"

"இல்ல."

"பின்ன? அடுத்தவங்க தபாலைப் பிரிக்கதே குத்தம். அதுபடி நடக்கது அதைவிடக் குத்தம்லா, தாயி."

முப்பத்தொரு வருஷ தபால் சர்வீஸுக்கு முன்னால் ஐந்தாம் வகுப்பு என்ன செய்ய முடியும்?

மறுநாளே ஊர் திருந்திவிட்டது. பெற்றோர்கள் எட்டு மணிக்குப் படுத்தார்கள். பிள்ளைகள் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்தார்கள். சுடலைமுத்துவுக்கு இரவில் ஆறு மணி நேரத்துக்குமேல் தூக்கம் வரவில்லை. மிச்சம் மூன்று மணி நேரத்தைப் பகலில் கல்லாவிலேயே தூங்கிக் கணக்கை நேர்செய்தார். வந்தவர்கள் தாங்களே டீ போட்டுக் குடித்தார்கள். டீ நன்றாக இருந்ததாகவும் பேச்சு.

விளையாட்டு நேரத்தில் கோமதிநாயகத்தின் மனைவி சண்முகவடிவு கபடியில் அவருடைய காலை வாரினாள். கல்யாணமான நாள் முதல் இதற்காகக் காத்திருந்தவள்போல இருந்தது அந்தப் பிடி. அவர் மூன்று நாள் நொண்டிக்கொண்டே தபால் கொடுத்தார்.

அதிலும் ஒரு சிக்கல். முதுகில் சுமக்கும் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று சுற்றறிக்கையில் ஒரு வரி. அவர் எடை ஐம்பது கிலோ; தபால் பையோ எட்டு. மூன்று கிலோ தபாலை ஆபீஸிலேயே வைத்துவிட்டுப் போனார். பிறகு மனசு உறுத்தவே, பையைக் குறைப்பதைவிடத் தான் கூடுவது முறை என்று முடிவுசெய்து, வேளைக்கு ஆறு வாழைப்பழம் தின்றார். எண்பது கிலோவைத் தொட்டால் எல்லாத் தபாலும் போய்ச் சேர்ந்துவிடும்.

செய்தி கேள்விப்பட்ட டீச்சர், இந்த ஊரின் போக்குத் தெரிந்தவராகையால், இம்முறை பிள்ளைகளின் பெயருக்கே கடிதம் போட்டார். கோமதிநாயகம் அதைப் பிரிக்காமல் இசக்கியின் கையில் கொடுத்தார். அவள் படித்துவிட்டுத் துள்ளினாள்.

"எப்பா, டீச்சர் என்ன எழுதியிருக்காங்கன்னா..."

அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அடுத்தவர் கடிதத்தில் இருப்பதை அவர் ஒருநாளும் காதில் வாங்கியதில்லை. அவள் பேசி முடிக்கும்வரை கண்ணையும் மூடிக்கொண்டார், வாயசைவிலிருந்து ஏதும் தெரிந்துவிடக் கூடாதே.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சுற்றறிக்கையின் மடிப்பில் மறைந்திருந்த கடைசி வரி கண்ணில் பட்டது. 'உங்கள் பகுதியில் எங்கும் தண்ணீர் தேங்கி நிற்காமல் பார்த்துக்கொள்ளவும்.' ஊர்க்குளமோ ஐப்பசி மழையில் கரை தளும்பி நின்றது. மதகைத் திறந்துவிட்டால் நெல்லுக்குத் தண்ணீர் இல்லை. விட்டுவைத்தால் அட்டையில் டிக் இல்லை. டிக் இல்லாவிட்டால் இசக்கிக்குக் கடல் இல்லை. கோமதிநாயகத்துக்கு வாழைப்பழம் இறங்கவில்லை.

"குளம் இருக்கக் கூடாதுன்னு எழுதலையே, அண்ணாச்சி. சும்மா நிக்கக் கூடாதுன்னுதானே எழுதியிருக்கு?" என்றார் சுடலைமுத்து.

அன்றே ஆளுக்கொரு மூங்கில் கழியோடு குளத்தில் இறங்கினார்கள். நாலு பேர் கலக்க, நாலு பேர் சாப்பிட, நாலு பேர் ஒன்பது மணி நேரம் தூங்க என்று முறைவைத்துக்கொண்டார்கள். மழையிலும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தண்ணீர் நின்றுவிடுமே. இரண்டு வாரம் அந்தக் குளம் ஒரு நிமிஷம் சும்மா இருக்கவில்லை. மீன்கள் என்ன நினைத்தன என்பதற்குச் சான்று ஏதும் கிடைக்கவில்லை.

கார்த்திகை பிறந்ததும் டீச்சர் வந்தார். ஊர் மைதானத்தில் பெற்றோர்கள் உயர வரிசையில், தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, நகத்தை நீட்டிக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகள் ஓரமாக நின்றார்கள். ஒருத்தருக்கும் சளி இல்லை. ஒரு மாதமாக அவர்களைக் கவனித்துக்கொள்ள ஆளில்லாததால் உடம்பு நன்றாக இருந்தது.

கோமதிநாயகத்தின் பாடுதான் திண்டாட்டம். குளத்து ஈரம் மூக்கில் ஏறி, ஒரு பெரிய தும்மல் அவருக்குள் தயாராகிக்கொண்டிருந்தது. தும்மினால் சளி; சளி என்றால் சுற்றுலா இல்லை. மகளைப் பார்த்தார். மூச்சை அடக்கினார். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று எண்ணி டீச்சர் அவரைச் சீக்கிரம் கடந்துபோனார். டீச்சர் நாலு ஆள் தள்ளிப் போன பிறகு, பக்கத்திலிருந்த ஆட்டுக்குட்டிமேல் பழி விழும்படி தும்மினார்.

அட்டைகளை வாங்கிப் பார்த்த டீச்சர் நிமிர்ந்தார். முப்பது நாளும் டிக். 'பாதுகாவலர் கையொப்பம்' என்ற இடத்தில் பிள்ளைகளின் கையெழுத்து.

"இது என்ன?"

"நாங்க தூங்கினதுக்கு நாங்களே எப்படிச் சாட்சிக் கையெழுத்துப் போட முடியும், டீச்சர்?" என்றார் கோமதிநாயகம்.

டீச்சர் அட்டைகளைப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, "உங்க ஊர் ஜெயிச்சாச்சு. ஆனா பாதுகாவலர் இல்லாம உங்களை நான் பஸ்ல ஏத்த முடியாது. கையெழுத்துப் போட்டவங்க எல்லாரும் கூட வரணும்" என்றார்.

அப்படித்தான் இசக்கி கடல் பார்த்தாள். பேருந்திலிருந்து இறங்கியவள் அசையாமல் நின்றுவிட்டாள். அவள் கையைப் பிடித்திருந்த கோமதிநாயகம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். கண்ணுக்கெட்டியவரை தண்ணீர். அத்தனையும் புரண்டு, எழுந்து, விழுந்து, ஒரு நொடிகூடச் சும்மா நிற்கவில்லை.

"நாமளும் ஒரு குளத்தைக் கலக்கினோம்னு பெருமைப்பட்டோமே, வே" என்று சுடலைமுத்துவிடம் சொன்னார். "இந்த ஊர்ப் பெற்றோரைப் பாரும். ஒரு ஆளும் கண்ணுக்குத் தெரியல. அந்தக் கரையில நின்னுக்கிட்டு எம்புட்டுப் பெரிய கழியால கலக்குதாங்களோ."

"பாவம், அண்ணாச்சி. அவங்க எப்பத் தூங்குவாங்க?"

கோமதிநாயகம் ஒரு கணம் யோசிக்கப் பார்த்தார்; போன வருஷ ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். எதற்கும் இருக்கட்டுமென்று பேருந்தின் மேலே கட்டிக்கொண்டு வந்திருந்த மூங்கில் கழிகளை இறக்கினார்கள். கோமதிநாயகம் முழங்கால் தண்ணீரில் இறங்கி, அக்கரைக்குக் கேட்கும்படி இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.

"நீங்க போய்ப் படுங்க! ஒன்பது மணி நேரத்துக்கு நாங்க பாத்துக்கிடுதோம்!"

எல்லாரும் கழியால் கலக்கத் தொடங்கினார்கள். அலை குறையவில்லை. அக்கரைக்காரர்கள் நம்பிப் படுக்கப் போய்விட்டார்கள் என்பதற்கும், தங்கள் கலக்கலில் ஒரு குறையும் இல்லை என்பதற்கும் வேறென்ன சான்று வேண்டும்? கரையில் இசக்கி அட்டையை எடுத்து, டிக் போட்டு, பாதுகாவலர் இடத்தில் கையெழுத்திட்டாள்.